எதற்குப் பக்கத்தில் எது

தொழில் என்ற கட்டத்தில் கியூரேட்டர் என்றிருந்ததை
இரண்டு முறை படித்துவிட்டு
என்ன வரைவீங்க என்றார் குடியேற்ற அதிகாரி.
வரைவதில்லை.
எதற்குப் பக்கத்தில் எது இருக்கலாம் என்று சொல்வேன்.
அதுக்குச் சம்பளமா?
அதற்கும், அதைப் பற்றி
எழுநூறு வார்த்தை எழுதுவதற்கும்.
முத்திரை குத்தினார்,
பாவம் என்பதுபோல.

பெயர் வெள்ளையம்மாள்.
இருபத்திரண்டு வருடமாக வெள்ளைச் சுவர்களில் வேலை.
குவாங்ஜுவில், சாவோ பாவ்லோவில்
தரையிலிருந்து நூற்றைம்பது சென்டிமீட்டரில்
படத்தின் நடுப்புள்ளி வரவேண்டுமென்று
அளவுநாடாவோடு சண்டை போட்டவள்.

இந்த முறை சுவர் சிம்மக்கல்லில்.
வெற்றுச் சுவர் ஒன்று போதும் என்று
வில்னியஸிலிருந்து எழுதியிருந்தாள் ரூத்தா.
மதுரையில். வெற்றுச் சுவர்.
காதணி விழாவின் மேல் கண்ணீர் அஞ்சலி
அதன் மேல் பூப்புனித நீராட்டு
அதன் மேல் மாவட்டச் செயலாளரை
வருக வருக எனும் நாற்பது முகங்கள்
எல்லாவற்றின் மேலும் மூலம், பௌத்திரம்.
சுரண்டினால் ஓர் அங்குலத்துக்குக் காகிதம்,
அப்புறம்தான் சுவர்.

காஜா நஜிமுதீனின் இரும்புக் கிட்டங்கியில்
பின்பக்கம் கிடைத்தது.
மூன்று நாளுக்கு நாலாயிரம்.
சுவருக்கெல்லாம் ரசீது போட்டுப் பழக்கமில்லை என்றவர்
கடைசியில் 'அரை இஞ்ச் கம்பி, ஒரு கட்டு' என்று
பில் எழுதித் தந்தார்.
ஐரோப்பிய நிதியத்தின் கோப்பில்
அந்தக் கம்பி இன்னும் இருக்கிறது.

ரூத்தா இரண்டு நாள் சுரண்டினாள்.
பிறகு பதினோரு பூச்சு சுண்ணாம்பு,
பூச்சுக்குப் பூச்சு ஒரு சிட்டிகை நீலம் கூட்டி.
வெயில் சாய்கையில்
சுவர் மெல்லப் பின்னால் போவதுபோல் இருக்கும்.
அதைத்தான் எழுநூறு வார்த்தையில் எழுதியிருந்தேன்.
டீ குடிக்க வந்தவர்கள்
அடிச்சு முடிச்சாச்சா, எப்பப் படம் போடுவீங்க என்று
கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

திறப்பு நாள் காலை ஆறரைக்குப் போனேன்.
சுவர் நடுவே ஆறு போஸ்டர்,
ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒரு குமிழிகூட இல்லாமல்.
லாரி புக்கிங் எஸ்.வி. பாலகுருநாதன்,
ஐம்பத்தெட்டு,
கூலிங் கிளாஸோடு சிரித்தார்.
இன்று மாலை ஐந்து மணி, தத்தனேரி.
எங்கள் திறப்பும் ஐந்து மணி.

பை கையிலிருந்தது, அளந்தேன்.
நூற்று நாற்பத்தெட்டு.

ஒரு படைப்பு
அதன் மீது அடுத்துக் கை வைப்பவருக்கே சொந்தம் என்று
பெர்லினில் ஒருமுறை பேசியிருக்கிறேன்,
கைதட்டினார்கள்.
பசை இன்னும் ஈரமாக இருந்தது.
வலது கோடியில், கீழ்மூலையில் நகம் கொடுத்து
ஒரு இழு.
சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.
கையில் அரைச் சாண் காகிதம்,
அதில் பேரன் பேத்திகள் வரிசையில் கடைசிப் பெயர்,
முதல் எழுத்து இல்லாமல்.

அதற்குள் காஜா ஷட்டர் தூக்கும் சத்தம்.
கிழிச்சுறாதீங்க மேடம், பதினாறு முடியட்டும்.
பார்த்தாய்ங்கன்னா என்னையத்தான் கேப்பாய்ங்க.
ரூத்தா வந்தாள்.
வெகுநேரம் பார்த்துவிட்டு
யார் இவர் என்று மட்டும் கேட்டாள்.
லாரி புக்கிங் என்பதை ஆங்கிலத்திலேயே சொன்னேன்,
அவளுக்குப் புரியவில்லை.

நாலே முக்காலுக்கு
எங்கள் ஆட்கள் ஒன்பது பேர், கையில் ரோஸ்மில்க்.
தெருமுனையில் வேட்டுச் சத்தம்,
பின்னால் பறை,
பின்னால் பூவுக்குள் பாலகுருநாதன்.
ஊர்வலம் எங்கள் சுவரருகே ஒரு நிமிடம் தயங்கியது.
லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவன்
கூட்டத்திலிருந்து விலகி வந்து
ஆறு போஸ்டரையும் வரிசையாகப் பார்த்தான்,
ஆறாவதில் நின்றான்.
சின்னவ பேரைக் கிழிச்சது யாரு?

ரூத்தா என்னைப் பார்த்தாள்,
மொழிபெயர்ப்புக்காக.
தெரியலையே தம்பி, என்றேன்.

நிலை அறிக்கையிலும்
அப்படியே எழுதினேன்:
வலப்பக்கக் கீழ்மூலையில் சேதம், ஒன்பது சென்டிமீட்டர்.
யாரால் எனத் தெரியவில்லை.